கல்பனா சாவ்லா அம்மையார்

மலையின் உயரத்தைப் போற்றுவார் அதன் முடியையே நோக்குவர்; அம்முடியைத் தாங்கி நிற்கும் அடிப்பாறையை நோக்குவார் சிலரே. பெரியோர் வாழ்க்கையை நாம் அறியும் முறையும் அத்தகையதே. கல்பனா சாவ்லா என்னும் பெயரைக் கேட்ட அளவில், அவர் விண்ணிற் பறந்ததும், விண்ணினின்று இறங்கும் வழியில் உயிர் நீத்ததும் எல்லார் நினைவிற்கும் வருகின்றன. அவ்விரண்டிற்கும் இடையே, பழி சுமந்து அவர் பொறுத்திருந்த சில திங்களை நினைப்பார் அரியர். அவர் பெருமையை அறிதற்கு அத்திங்களே உரைகல் என்பது எம் கருத்து.

அவர் மறைந்தது 2003ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள். இன்று இக்கல்லூரியிற் பயிலும் எம்மனோர் அன்று பிறந்திலேம். ஆசிரியப் பெருமக்களும் முன்னாள் மாணவரும் அச்செய்தி வந்த மாலைப் பொழுதை இன்னும் மறந்திரார். யாமோ, தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் சுவரில் தீட்டப்பெற்ற ஓவியத்தின் வாயிலாகவே அவரை முதன்முதல் அறிந்தோம். செம்மஞ்சள் உடை அணிந்து புன்முறுவலோடு நின்ற அவ்வுருவம் யாருடையது, அவர் செய்தது யாது என்று வினவியதன் பயனே இக்கட்டுரை.

பிறப்பும் இளமையும்

இப்பொழுது அரியானா மாநிலத்தைச் சார்ந்த கர்னால் நகரில், 1962 மார்ச்சு 17ஆம் நாள் கல்பனா பிறந்தார். உரிய காலத்திற்கு முன்னரே தேர்வெழுத வேண்டிப் பள்ளியேட்டில் 1961 சூலை 1 என்று குறித்தனர். தந்தையார் பனாரசிலால் சாவ்லா, தாயார் சஞ்யோதி. 1947இல் நாடு இரண்டாகப் பிரிந்தபொழுது, மேற்குப் பஞ்சாபினின்று உடைமைகளை இழந்து வந்த குடும்பம் அது. தந்தையார் சிறு தொழில்கள் பல செய்து, பின்னர் டயர் செய்யும் தொழிலிற் காலூன்றினார். மக்கள் நால்வருள் கல்பனாவே இளையவர்.

வீட்டில் அவரை மோண்டு என்றே அழைத்தனர். பள்ளியிற் சேர்க்குங்கால், பெயர் யாது என்ற வினா எழுந்தது. உடன் சென்ற உறவினர் தாம் கருதியிருந்த மூன்று பெயர்களைக் கூற, அவற்றுள் கல்பனா என்பதைக் குழந்தையே தேர்ந்துகொண்டது. கற்பனை என்பது அதன் பொருள். தம் பெயரைத் தாமே தெரிந்த அச்சிறுமி, தம் வழியையும் தாமே தெரிந்துகொள்ளும் மங்கையாக வளர்ந்ததில் வியப்பில்லை.

கர்னாலில் விமானம் பயிற்றும் கழகம் ஒன்று இருந்தது. அதன் சிறு விமானங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே பறந்து செல்வதைக் கண்டு அவர் வளர்ந்தார். 1932ஆம் ஆண்டில் கராச்சியினின்று பம்பாய்க்கும், ஆங்கிருந்து நம் சென்னைக்கும் அஞ்சற் பைகள் விமானத்தில் வந்த வரலாறும், அதனைத் தொடங்கிய ஜே. ஆர். டி. டாட்டாவின் துணிவும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன.

கல்வி

தாகூர் பாலநிகேதன் பள்ளியிலும், தயாள்சிங் கல்லூரியிலும் பயின்றபின், சண்டிகரிலுள்ள பஞ்சாப் பொறியியற் கல்லூரியை அவர் அடைந்தார். விமானப் பொறியியலே வேண்டுமென்றார். பெண்ணுக்கு அத்துறையில் வேலை கிடைப்பது அரிது. வேறு துறை கொள்ளலாமே என்று நன்மை நாடியே சிலர் அறிவுறுத்தினர். அவர் தம் விருப்பத்தை மாற்றிலர். 1982இல் அத்துறையிற் பட்டம் பெற்று வெளிவந்தார். அக்கல்லூரியில் விமானப் பொறியியல் பயின்ற முதற் பெண்மணி அவரே.

அவ்வாண்டே அமெரிக்கா சென்றார். ஆர்லிங்டனிலுள்ள டெக்சாசுப் பல்கலைக் கழகத்தில் 1984இல் முதுநிலைப் பட்டமும், கொலராடோப் பல்கலைக் கழகத்தில் 1988இல் முனைவர் பட்டமும் பெற்றார். இதற்கிடையே 1983இல் சான் பியர் ஆரிசன் என்பாரை மணந்தார். விமானம் ஓட்டும் கலையையும் விட்டிலர். நிலத்தினின்று எழுவனவும், நீரினின்று எழுவனவும், பொறியின்றிக் காற்றில் மிதப்பனவுமாகிய பலவகை வானூர்திகளைச் செலுத்தும் உரிமம் பெற்றதோடு, பிறர்க்குப் பயிற்றும் தகுதியும் அடைந்தார்.

1988 முதல் நாசாவின் ஏம்சு ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்தார். நின்ற நிலையினின்றே நேராக மேலெழும் விமானத்தைச் சுற்றிக் காற்று எவ்வாறு ஓடுகிறது என்பதைக் கணிப்பொறியாற் கணக்கிட்டு அறிவது அவர் ஆய்வு. நீண்ட நாள் பொறுமையோடு செய்யவேண்டிய வேலை அது. 1991இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

விண்வெளி வீரர் வகுப்பு

நாசா விண்வெளி வீரரைத் தனித்தனியே எடுப்பதில்லை. சில ஆண்டுகட்கு ஒருமுறை ஒரு வகுப்பாகத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுகிறது. 1994 டிசம்பரில் தேர்வாகி, 1995 மார்ச்சில் ஊசுட்டன் நகரிற் பயிற்சி தொடங்கியது பதினைந்தாம் வகுப்பு. ஏறத்தாழ மூவாயிரவர் விண்ணப்பித்தனர். அமெரிக்கர் 19 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பிரான்சு, சப்பான், கனடா ஆகிய நாட்டினர் நால்வரும் உடன் பயின்றனர். பறக்கும் நத்தை என்று பொருள்படும் வேடிக்கைப் பெயர் ஒன்றையும் அவ்வகுப்பினர் தமக்குச் சூட்டிக்கொண்டனர்.

அவ்வகுப்பின் பெயர்ப்பட்டியலை நோக்குவார்க்கு ஒரு பெருவாழ்வே தோன்றும். இரிக் அசுபண்டு, மைக்கேல் ஆண்டர்சன், இசுடீவன் இலிண்ட்சே, இசுடீபன் இராபின்சன், பமீலா மெல்ராய், எட்வர்டு லூ, இசுகாட் ஆல்ட்மன், சப்பானியராகிய தக்காவோ தோய் முதலியோர் கல்பனாவின் உடன்பயின்றோர். இவருட் சிலர் பெயர் மீண்டும் வருதலின் அன்பர்கள் நினைவில் வைப்பாராக.

முதற் பயணமும் பழியும்

1997 நவம்பர் 19ஆம் நாள் கொலம்பியா என்னும் விண்வெளி ஓடத்தில் அம்மையார் முதன்முறை விண்ணேறினார். 1984இல் இராகேசு சர்மா சென்றபின், இந்திய மண்ணிற் பிறந்து விண்வெளி சென்றவர் இவரே. பெண்டிருள் முதல்வரும் இவரே. உடன் சென்ற ஐவருள் இலிண்ட்சேயும் தோயும் அவர்தம் வகுப்பினர்.

ஞாயிற்றின் ஒளிவட்டத்தை ஆராயும் இசுபார்ட்டன் என்னும் துணைக்கோளை, ஓடத்தின் இயந்திரக் கையால் எடுத்து வெளியில் விடுவது அம்மையார்க்கு வாய்த்த பணி. நவம்பர் 21ஆம் நாள் அதனை விடுத்தார். விடுபட்ட கோள் செய்யவேண்டிய சுழற்சியைச் செய்யவில்லை. மீண்டும் பற்ற முயன்றபொழுது, இயந்திரக் கை தட்டியதால் அது தாறுமாறாகச் சுழலத் தொடங்கியது. ஓராயிரம் கிலோவிற்கு மேற்பட்ட அக்கோளைப் பிடிக்க வழியின்றிச் சில நாள் கழிந்தது. பின்னர் வின்சுடன் இசுகாட் என்பாரும் தோயும் ஓடத்தை விட்டு வெளிச்சென்று, தம் கைகளாலேயே அதனைப் பற்றி மீட்டனர். டிசம்பர் 5ஆம் நாள் ஓடம் தரையிறங்கியது. நிலவுலகை 252 முறை சுற்றி, 65 இலட்சம் மைல் கடந்த பயணம் அது. ஆயினும் துணைக்கோளின் ஆராய்ச்சி நிறைவேறிற்றிலது.

இயந்திரக் கையை இயக்கியவர் அம்மையார். ஆதலின் பழியும் முதற்கண் அவர்மீதே வீழ்ந்தது. இஃது எத்துணைப் பெருஞ்சுமை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓர் ஆண்மகன் தவறினால் தவறினான் என்று மட்டுமே உலகம் கூறும். ஒரு துறையில் முதலிற் புகுந்த பெண் தவறினாலோ, பெண்ணை அத்துறையிற் புகவிட்டதே தவறு என்று கூறும். அச்சுமையை அம்மையார் தாங்கினார். பிறர்மேற் பழி கூறவுமில்லை; தம் பணியை விட்டு விலகவுமில்லை. நாசா ஐந்து திங்கள் ஆராய்ந்தது. மென்பொருளின் இடைமுகத்திலும், ஓடத்திலிருந்தோரும் தரையிலிருந்தோரும் கைக்கொள்ளுமாறு வகுக்கப்பட்ட முறைகளிலுமே பிழை இருந்ததென்று கண்டது. அம்மையாரைப் பழியினின்று விடுவித்தது. ஒரு கையைக் குற்றங் கூறி முடித்திருந்தால், முறையிலிருந்த பிழை முறையிலேயே தங்கியிருக்கும்.

பின்னர் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் வாழ்வார்க்கு வேண்டும் கருவிகளைச் சீர்செய்யும் பணியை அவர் மேற்கொண்டார். 2000ஆம் ஆண்டில் மற்றொரு பயணத்திற்கு அவரையே தேர்ந்தெடுத்தனர்.

இரண்டாம் பயணம்

அப்பயணம் பன்முறை தள்ளிப் போயிற்று. 2002இல் எரிபொருட் குழாய்களின் உள்ளே வெடிப்புகள் காணப்பட்டமையும் அதற்கு ஒரு காரணம். இறுதியில் 2003 சனவரி 16ஆம் நாள் கொலம்பியா தன் 28ஆம் பயணத்தை மேற்கொண்டது. தலைவர் இரிக் அசுபண்டு. ஆய்வுப்பணித் தலைவர் மைக்கேல் ஆண்டர்சன். இருவரும் கல்பனாவின் வகுப்பினர். வில்லியம் மெக்கூல், தேவிது பிரௌன், லாரல் கிளார்க்கு ஆகியோர் அடுத்த வகுப்பினர்; இலான் இரமோன் இசுரவேல் நாட்டினர். எழுவரும் இரு குழுவாகப் பிரிந்து, இரவு பகல் ஓயாது, ஏறத்தாழ 80 ஆய்வுகளைச் செய்து முடித்தனர்.

பிப்ரவரி முதல் நாள், தரை தொட 16 நிமிடம் இருக்கையில், ஒலியினும் 18 மடங்கு விரைவில் வந்த ஓடம் டெக்சாசு வானில் சிதறியது. எழுவரும் மாண்டனர். நம் நாட்டில் அது மாலை ஏழரை மணி. கர்னாலில் அவர் பயின்ற பள்ளியிற் பிள்ளைகள் அவர் தரையிறங்குவதைக் கொண்டாடக் கூடியிருந்தனர். அக்கூட்டமே இரங்கற் கூட்டம் ஆயிற்று. அம்மையார்க்கு அப்பொழுது அகவை 40. இரு பயணங்களிலும் அவர் விண்ணில் வாழ்ந்தது 31 நாளும் 14 மணி 54 நிமிடமுமாம்.

காரணம் யாது?

ஓடம் எழுந்த 82ஆம் நொடியளவில், புற எரிபொருட் கலத்தினின்று நுரைப்பொருள் துண்டு ஒன்று பெயர்ந்து இடச்சிறகின் முனையில் மோதியது. கையால் எளிதில் தூக்கத்தக்க இலேசான பொருள்தான்; ஆயினும் அதன் விரைவு சிறகின் காப்பை உடைத்தது. திரும்பி வருங்கால் அத்துளை வழியே புகுந்த அழல் சிறகை உருக்கிற்று. மோதியதை மறுநாளே படத்திற் கண்டனர். சிறகின் நிலையை விண்ணிலேயே படமெடுத்துக் காணவேண்டுமென்று பொறியாளர் சிலர் வேண்டினர். முன்னரும் நுரை வீழ்ந்ததுண்டு. கேடு நேர்ந்ததில்லை என்று எண்ணிய மேலாளர் அதற்கு இசைந்திலர். நிறுவனத்தின் பழக்கவழக்கமும் நுரைக்கு நிகரான காரணமே என்று ஆராய்ச்சிக் குழு 2003 ஆகத்திடு திங்களில் முடிவு கூறியது.

முன்னைய பிழை ஆராயப்பட்டது; ஒருவர் பழி நீங்கியது. பின்னைய ஐயம் ஆராயப்படவில்லை. எழுவர் உயிர் நீங்கியது. இவ்விரண்டும் ஒருவர் வாழ்விலேயே நிகழ்ந்தமை எம் நெஞ்சைப் பெரிதும் வருத்துகின்றது.

வகுப்பினர் செய்த கடன்

மாண்ட எழுவருள் மூவர் பதினைந்தாம் வகுப்பினர். எஞ்சியோர் அஞ்சிப் பின்வாங்கினரல்லர். ஓடங்கள் நிறுத்தப்பட்ட 2003ஆம் ஆண்டிலேயே எட்வர்டு லூ உருசியக் கலத்தில் ஏறி விண்வெளி நிலையம் சென்றார். 2005இல் ஓடம் மீண்டும் பறந்தபொழுது, இசுடீபன் இராபின்சன் வெளிச்சென்று ஓடத்தின் அடிப்புறத்தை அடைந்து, ஓடுகளிடையே துருத்தி நின்ற இரு துண்டுகளைத் தம் கையால் பிடுங்கி எறிந்தார். மிகச் சிறிய துண்டுகளே. ஆயினும் சிறிதென்று விடுதல் இனி இல்லை என்பதற்கு அச்செயல் சான்று. 2006இல் அடுத்த ஓடத்தையும், 2011இல் திசுக்கவரி ஓடத்தின் கடைசிப் பயணத்தையும் இலிண்ட்சே தலைமை ஏற்று நடத்தினார். பமீலா மெல்ராய் 2007இல் ஓடத்தலைவராய்ச் சென்றதோடு, 2021இல் நாசாவின் துணைத்தலைவராகவும் அமர்ந்தார்.

நினைவு

சிரீஅரிக்கோட்டாவினின்று 2002 செப்டம்பரில் ஏவப்பட்ட நம் வானிலைத் துணைக்கோளுக்கு, 2003 பிப்ரவரி 5ஆம் நாள் கல்பனா-1 என்று பெயரிட்டனர். அது பல்லாண்டு முகிற்படங்களை அனுப்பியது. மானாவாரி நிலத்தையே நம்பி முகிலை நோக்கி வாழும் எம் தருமபுரியார்க்கு இதனினும் இனிய நினைவுச் சின்னம் வேறில்லை. தமிழ்நாட்டரசும், துணிவுமிக்க செயல் செய்யும் பெண்மணிக்கு ஆண்டுதோறும் விடுதலை நாளில் வழங்கும் விருதிற்கு அவர் பெயரையே சூட்டியுள்ளது.

முடிவுரை

தகடூர் என்னும் பழம்பெயருடைய எம் மாவட்டம், அரிதிற் பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமானின் மண். அறிவுடைய பெண் நெடிது வாழ்தல் நாட்டிற்கு நலம் என்று அவ்வேந்தன் கருதினான். அம்மண்ணிலேயே பெண்மகவைச் சுமையென்று கருதிய கொடுமையும் பின்னாளில் நிகழ்ந்தது. தொட்டிற் குழந்தைத் திட்டத்தை 2001இல் எம் மாவட்டத்திற்கும் அரசு விரித்ததே அதற்குக் கரி. இன்று பெண்மக்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் திரளாகச் செல்கின்றனர். ஆயினும் ஒரு தேர்வில் தவறிய பெண்ணைப் படித்தது போதுமென்று வீட்டில் நிறுத்தும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழிந்திலது. தவறு எங்குளது என்று ஆராய்வார் யார்? பாடம் நடந்த முறையிலா, வீட்டு வேலையின் மிகுதியிலா, பேருந்து வாராத வழியிலா என்று வினவுவார் யார்?

விண்ணிற் பறத்தல் எல்லார்க்கும் இயலாது. பழி நேர்ந்தவிடத்து நிலைகலங்காது தம் பணியைத் தொடர்தல் நம்மில் ஒவ்வொருவர்க்கும் இயலும். தவறியவரைத் தள்ளிவிடாது தவற்றின் வேரைத் தேடுதலும், சிறியது என்று பிறர் ஒதுக்கும் ஐயத்திற்குச் செவிசாய்த்தலும் நமக்கு இயலும். இவையே கல்பனா அம்மையார் வாழ்வும் மறைவும் நமக்குக் கற்பிக்கும் பாடங்கள். எம் சிற்றூர்ப் பள்ளியின் சுவரோவியம் மழையில் நனைந்து நிறம் மங்கிவிட்டது. அதன் முன் நின்று இவர் யார் என்று வினவும் சிறுமியர் இன்றும் உளர். அவர் வினாவிற்கு விடை கூறுவது கற்ற நம் கடன். வாழ்க கல்பனா அம்மையார் புகழ்!