டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

விழா மலர்களிலே பெரியோர் சரிதை எழுதப் புகுவோர், இளமை முதற்கொண்டே பரீட்சைகளில் முதன்மை எய்தியோரையே பெரும்பாலும் தேர்ந்துகொள்வர். யாம் ஈண்டு எழுத எடுத்துக்கொண்டவரோ மெற்றிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தவறியவர். எனினும், புற்றுநோயையும் நிர்ப்பீடனக் கோளாறுகளையும் மருந்தினால் அடக்கும் வழியை உலகுக்குத் திறந்தோருள் அவர் முன்வரிசையில் நிற்பவர்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்திலே தெலுங்குக் குடும்பமொன்றிற் பிறந்தார். வறுமையும் உறவினர் மரணமும் அவர்தம் படிப்பைக் குலைத்தன. மூன்றாம் முறையாகவே சென்னை இந்து உயர்தரப் பாடசாலையிலிருந்து தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை உடுத்தமையால் சத்திர வைத்தியப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகத் தரத்திற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே அவருக்குக் கிட்டியது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கலானார். இதற்கிடையே ஸ்புரூ எனப்படும் கொடிய குடல்நோய் அவருடைய உடன்பிறந்தாரைக் கொண்டுபோயிற்று. நோய்களின் காரணத்தை ஆராய வேண்டுமென்னும் வேட்கை அவருள்ளத்தில் வேரூன்றியது.

மாமனார் முதலியோர் அளித்த பொருளுதவியுடன் இளம் மனைவியைப் பிரிந்து அமெரிக்கா சென்றார். பொஸ்தன் நகரில் மருத்துவமனையொன்றிலே இரவு வேலை பார்த்துக்கொண்டு, ஹாவாட் பல்கலைக்கழகத்திற் கற்றார். அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து, உடற்பாயங்களிலுள்ள பொசுபரசை அளக்கும் முறையை 1925இல் வகுத்தார். தசை இயங்குதற்கு வேண்டிய சத்தியைத் தரும் ஏ.டி.பி. என்னும் பொருளை இருவரும் 1929இல் வெளிப்படுத்தினர். 1930இல் கலாநிதிப் பட்டம் பெற்றும், ஹாவாட்டில் நிலையான பதவி அவருக்கு வாய்க்கவில்லை.

1940இல் நியூ யோர்க் மாநிலத்துப் பேர்ள் ரிவரிலுள்ள லெடர்லி ஆய்வுகூடத்திற் சேர்ந்தார்; பின்னர் அதன் ஆராய்ச்சிப் பணிப்பாளரானார். அவர் தலைமையிலான குழுவினர் ஃபோலிக் அமிலம் என்னும் விற்றமினை 1945இல் செயற்கையாக ஆக்கினர். தம் உடன்பிறந்தாரை மாய்த்த ஸ்புரூ நோயால் விளையும் குருதிச்சோகைக்கும் அவ்வமிலமே மருந்தாயிற்று. அன்று வாய்க்காத உதவி பின்வந்தோர்க்கு வாய்த்தது.

அக்காலத்திலே வெண்குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறப்பது திண்ணம். பொஸ்தன் நகர வைத்தியர் சிட்னி ஃபார்பர், அக்குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளை அளித்தபோது நோய் முன்னிலும் விரைந்து பெருகுவதாகக் கண்டார். ஆயின், அவ்வமிலத்தைத் தடுத்தால் நோயும் தடைப்படுமன்றோ? கலங்கள் பிரிந்து பெருகுதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. உருவில் அதனை ஒத்து, அதன் இடத்தைப் பற்றிக்கொண்டு, அதன் தொழிலை மட்டும் செய்யாத பொருள்களைச் சுப்பாராவின் குழுவினர் ஆக்கி வழங்கினர். அவற்றுள் ஒன்றான அமினொப்ரெறின் 16 குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. 10 பேரிடம் நோய் சில காலம் தணிந்தது. 1948 ஜூனில் இம்முடிவு வெளியாயிற்று. முற்றான சுகமன்று, எனினும், மருந்துக்கு அந்நோய் பணியும் என்பது முதன்முதலாகத் தெளிவாயிற்று.

அதன் உடன்பிறப்பான மெதொட்ரெக்சேற் 1956இல், சூல்வித்தகத்திலிருந்து தோன்றும் ஒருவகைப் புற்றுநோயை முற்றாக நீக்கியது. அன்றியும், உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனம் தன் மூட்டுகளையே தாக்கும் வாதநோய்க்கு, சிறு அளவில் வாரமொருமுறை கொடுக்கும் மருந்தாக அதற்கு 1988இல் அமெரிக்க அரசு அனுமதியளித்தது. இன்றும் அது வழங்கி வருகின்றது.

நம் நாட்டவரும் இவருக்குக் கடமைப்பட்டுள்ளோம். இவர் பணிப்பாளராயிருந்த காலத்தில் லெடர்லியிற் கண்டறியப்பட்ட டைஎதில்காபமசீன் என்னும் மருந்தே நம் மேற்கு, தெற்குக் கரையோர மக்களுக்கு யானைக்கால் நோயை ஒழிக்க வழங்கப்பட்டது. 2016இல் உலகச் சுகாதார நிறுவனம், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து அந்நோயை இலங்கை நீக்கிவிட்டதெனச் சான்றளித்தது.

இவற்றின் பெரும்பயனைக் காண அவர் இருக்கவில்லை. 1948 ஓகஸ்டில், தம் 53ஆம் வயதில், அயல்நாட்டிலேயே உயிர்நீத்தார். தாயகம் மீளவுமில்லை, மனைவியை மீண்டுங் காணவுமில்லை. அவ்வம்மையார் கொடுத்த விலையையும் யாம் மறத்தலாகாது. கூட்டாய்விலே தம் பெயரை முன்னிறுத்த விழையாதவராதலின், புகழும் அவரைத் தேடி வரவில்லை. 1995இல் இந்திய அரசு அவர் நினைவாக முத்திரை வெளியிட்டது.

கல்லூரி மாணாக்கர்க்கு யாம் சொல்ல விழைவது ஒன்றே. பரீட்சைத் தாள் ஒருவனுடைய அன்றைய நிலையை மாத்திரமே அளக்கும். பதவியும் பட்டமும் மறுக்கப்பட்ட ஒருவர் செய்த மருந்தினால் இன்று எங்கோ ஒரு குழந்தை பிழைக்கின்றது. அக்குழந்தை அவர் பெயரை அறியாது. அறியாவிடினும், அவர் வாழ்ந்ததற்கு அதுவே சான்று.