ஸர் ரொனால்டு ராஸ்

ராஸ் 1857-ஆம் ஆண்டில் அல்மோராவிற் பிறந்தார். கவிதையில் நாட்டமுடைய அவர் தந்தையின் விருப்பத்திற்கிணங்கி மருத்துவம் பயின்றார். ஒரு தேர்வில் தவறி மீண்டும் எழுதித் தேறினார். 1881-இல் இந்திய வைத்திய இலாகாவிற் சேர்ந்து சென்னைக்கு வந்தார். ஏழாண்டாகியும் தொழிலில் உள்ளம் ஒன்றவில்லை. 1888-இல் விடுமுறை பெற்று இலண்டன் சென்றவர், ஓய்வை நாடாது, பொதுச் சுகாதாரப் பட்டயத் தேர்வில் தேறினார். நுண்கிருமி ஆராய்ச்சியும் கற்றார்.

உத்தியோக உயர்வுக்கு உதவுவதெனக் கருதத்தக்க அக்கல்வி வேறு பயன் தந்தது. 1897 ஆகஸ்டு 20-இல், சிக்கந்தராபாத்தில், கொசுவின் இரைப்பையில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில், பறவைகளிடையே அந்நோயைப் பரப்புவது கொசுவே என நிறுவினார். 1902-இல் நோபெல் பரிசு பெற்று, 1932-இல் மறைந்தார்.

தேர்வு முடிந்ததும் நூல்களை மூடிவிடும் நாம் இவர் சரிதையை எண்ணுதல் தகும். பட்டயம் அவருக்கு முடிவன்று, தொடக்கமே.