பம்பாயில் பார்த்த பாலே, அடையாறில் ஆடிய குறவஞ்சி

கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மணி தேவியின் வாழ்க்கையில் பம்பாய்க்கு இரண்டு முறை பங்கு உண்டு.

1904-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி மதுரையில் பிறந்தவர் அவர். தந்தை நீலகண்ட சாஸ்திரி, என்ஜினீயர். 16 வயதில் பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஆங்கிலேயர் ஜார்ஜ் அருண்டேலை மணக்க முன்வந்தார். பிராமணப் பெண் வெள்ளைக்காரரைக் கட்டிக்கொள்வதா என்று சென்னையில் ஒரே கூச்சல். 1920-ல் திருமணம் நடந்தது பம்பாயில்!

அடுத்தது 1928. "சாகும் அன்னம்" என்ற பாலே நடனத்தால் உலகப் புகழ் பெற்ற ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவா பம்பாய் வந்து ஆடினார். அருண்டேல் தம்பதி பார்த்து மயங்கினார்கள். பிறகு கப்பல் பயணத்தில் நட்பு மலர்ந்தது. பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் ருக்மணி பாலே கற்றார். ஆனால், சொந்த நாட்டுக் கலையைத் தேடும்படி யோசனை சொன்னவரும் பாவ்லோவாதான்.

தேடியபோது கிடைத்தது சதிர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1935-ல் அடையாறில் மேடையேறினார். மறுபடியும் கூச்சல். 1936-ல் கலாக்ஷேத்ரா பிறந்தது.

மேடையில் குற்றாலம்

தனி ஆட்டத்தோடு அவர் நிற்கவில்லை. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை 1944-ல் நாட்டிய நாடகமாக்கினார். பந்தடிக்கும் வசந்தவல்லி குற்றாலநாதர் மேல் காதல் கொள்கிறாள். குறத்தி சிங்கி கை பார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள். அவளைத் தேடி அலைந்து வரும் சிங்கன், காலில் கிடக்கும் சிலம்பைப் பாம்பென்று மிரளும் இடம் படிக்கும்போதே சிரிப்பு வரும்.

இசை வீணை கிருஷ்ணமாச்சாரியார். ஆட்டம் அமைக்க உதவியவர் தேவதாசி மரபில் வந்த காரைக்கால் சாரதாம்பாள். குறவஞ்சியைக் கோயில்களில் ஆடிக் காத்தவர்கள் அந்தக் குலத்துப் பெண்களே. 1947-ல் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது. ஆட்டம் சபா மேடைக்கு வந்துவிட்டது. ஆடியவர்களில் பலர் வரவில்லை. ருக்மணி தேவி சிருங்காரத்தை அடக்கிவிட்டார் என்பதை அதே மரபில் வந்த பாலசரசுவதி கடைசிவரை ஏற்கவில்லை. அவர் குறையில் நியாயம் உண்டு.

குறவஞ்சி தந்த தெம்பில் ராமாயணத்தை ஆறு நாடகங்களாக்கினார் ருக்மணி தேவி. 1986 பிப்ரவரி 24-ந் தேதி காலமானார். அதன் பிறகும் கலாக்ஷேத்ரா மேடையில் வசந்தவல்லி பந்தடித்தாள். அந்த ஆட்டத்துக்கு அடி எடுத்துக் கொடுத்த சாரதாம்பாளின் பெயர்தான் பலருக்குத் தெரியாது.