விபுலானந்த அடிகளும் இளையோர்க்குச் சமயம் பயிற்றும் நெறியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே செல்லும் பெருந்தெருவில் ஏறாவூரையும் செங்கலடியையும் கடந்து செல்வோர் வந்தாறுமூலையை அடைவர். நெல்வயலும் வாவியும் அணிசெய்யும் அவ்வூரில் 1946ஆம் ஆண்டிலே ஒரு மத்திய கல்லூரி தோன்றிற்று. அரசாங்க சபையில் அங்கத்தவராயிருந்த வ. நல்லையா அவர்களின் பெருமுயற்சியால் எழுந்த கல்லூரி அது. அதன் வளாகத்திலேயே 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்று, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்வு பெற்றது. அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்து கல்லடியில் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகம் சுவாமி விபுலானந்தரின் திருப்பெயரைத் தாங்கி நிற்கின்றது.

உழவர் வீட்டுப் பிள்ளையும் மீனவர் வீட்டுப் பிள்ளையும் தம் நாட்டை விட்டகலாமலே உயர்கல்வி பெறும் இந்நிலை எளிதில் வந்ததன்று. அதற்கு நிலம் பண்படுத்தியோர் பலர். அவருள் முதல்வர் அடிகளார். தமிழ்ப் பேராசிரியராகவும் யாழ்நூல் ஆசிரியராகவும் அவரை யாவரும் அறிவர். இளம் மாணாக்கர்க்குச் சமயமும் தத்துவமும் ஒழுக்கமும் எவ்வாறு பயிற்றப்படல் வேண்டும் என்னும் வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்த ஆசிரியராக அவரை நோக்குவோர் சிலரே. இந்துக் கல்லூரியொன்றில் பயின்று வெளிப்போந்த நாம், நம் கல்லூரியின் விழா மலரில் அந்நோக்கிலே அவர் வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

பிறப்பும் பயிற்சியும்

மட்டக்களப்பின் தென்பாலுள்ள காரைதீவு என்னும் சிற்றூரில் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாக 1892ஆம் ஆண்டில் அடிகளார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன் என்பது. குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் தமிழெழுத்துப் பயின்று, இளமையிலேயே செய்யுள் இயற்றும் ஆற்றல் பெற்றார். பின்னர்க் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்று, 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்விற் சித்தியெய்தினார்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. வீட்டிலும் கோயிலிலும் சைவம். முதலில் பயின்ற பள்ளி மெதடிஸ்தருடையது. அடுத்துப் பயின்றது கத்தோலிக்கருடையது. அக்காலத்துக் கிழக்கு மாகாணத்திலே ஆங்கிலக் கல்வியை நாடிய இந்துப் பிள்ளைகளுட் பெரும்பாலார்க்கு வேறு வழியிருந்ததில்லை. கல்வியைத் தந்த கைதானே பிறிதொரு சமயத்தையும் நீட்டிற்று. அரசாங்க உத்தியோகத்துக்கு வாயில் ஆங்கிலம். ஆங்கிலத்துக்கு வாயில் மிஷன் பாடசாலை. இந்நிலையில் பெற்றோர் பலர் பிள்ளையின் எதிர்காலத்துக்கும் குலதெய்வத்துக்கும் இடையே நின்று தவித்தனர். மயில்வாகனனார் அப்பள்ளிகளில் அறிவை நிரம்பப் பெற்றார். தம் சமயத்தையும் விட்டாரில்லை. தமக்குக் கற்பித்த பாதிரிமாரிடத்துப் பகைமையும் கொண்டாரில்லை. அர்ச். மிக்கேல் கல்லூரியிலேயே ஆசிரியராகவும் பணிபுரிந்தார்.

1911இல் கொழும்பு அரசினர் ஆசிரிய பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்து பயிற்றப்பட்ட ஆசிரியரானார். 1916இல் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் பெற்றார். ஈழத்திலிருந்து அச்சங்கத்துப் பண்டிதத் தேர்விற் சித்தியெய்திய முதல்வர் அவரே என்பர். அடுத்த ஆண்டில் யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார்; 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றார். பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரைத் தலைமையாசிரியராக ஏற்றது.

முன்னோர் வகுத்த வழி

இளையோர்க்குச் சமயம் கற்பித்தல் ஈழத்தில் அடிகளார் காலத்தில் தோன்றிய புதுமையன்று. திண்ணைப் பள்ளிகளிலே ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மூதுரையும் எழுத்தறிவோடு ஒழுக்கத்தையும் ஊட்டின. கோயில் மண்டபத்துப் புராணபடனம் கேட்போர்க்குச் சமய உணர்வை வளர்த்தது. இவை வழிவழி வந்த முறைகள். வகுப்பும் கால அட்டவணையும் அச்சிட்ட பாடநூலும் உடைய புதிய பள்ளிக்கு அவை மட்டும் போதாவென்பதை முதலில் உணர்ந்தவர் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பாலபாடங்களையும் சைவ வினாவிடையையும் அவர் எழுதி வெளியிட்டார். மிஷனரிமார் கையாண்ட வினாவிடை முறையையே சைவத்துக்கு ஆக்கிக்கொண்டமை அவர்தம் மதிநுட்பம்.

நாவலர் 1879இல் மறைந்த பின்னர் அவர் வழிநின்றோர் பாடசாலைகளைப் பெருக்கினர். 1923இல் இந்து போர்ட் எனப்பட்ட சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றிச் சிற்றூர்தோறும் பள்ளிகளை நிறுவிற்று. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமோ, பெற்றோர் தழுவாத சமயத்தின் பாடத்துக்குப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தலாகாது என்னும் விதியைத் தந்தது. ஆயினும் சட்டம் ஒரு கதவை அடைக்கவே வல்லது. அடைத்தபின் அப்பிள்ளைக்கு யாது கற்பிப்பது, எவர் கற்பிப்பது, எங்ஙனம் கற்பிப்பது என்னும் வினாக்கள் எஞ்சி நின்றன. வடக்கினும் கிழக்கில் இக்குறை பெரிதாயிருந்தது.

துறவும் பாடசாலைப் பணியும்

கல்லூரித் தலைமையும் நல்லூதியமும் கைவந்த வேளையில் அவற்றைத் துறந்து, 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார் மயில்வாகனனார். அங்குப் பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரிய நாமம் பெற்று, இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி ஆகிய இதழ்களின் ஆசிரியப் பணியை ஆற்றினார். 1924ஆம் ஆண்டுச் சித்திரா பூரணையன்று, இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச்சீடராகிய சுவாமி சிவானந்தர் அவர்க்குத் துறவளித்து விபுலானந்தர் என்னும் பெயரிட்டருளினார். மறு ஆண்டில் ஈழம் மீண்ட அடிகளார், இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளைப் பேணும் பொறுப்பை ஏற்றார்.

வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயம், திருகோணமலை இந்துக் கல்லூரி, காரைதீவு சாரதா வித்தியாலயம் எனப் பல கல்விச்சாலைகள் அவர்தம் கண்காணிப்பில் வளர்ந்தன. மட்டக்களப்பு நகரை அடுத்த கல்லடி உப்போடையில் 1929இல் எழுந்த சிவானந்த வித்தியாலயம், தம் குருநாதர் பெயரால் அவர் அமைத்தது. ஏழைப் பிள்ளைகளும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் உண்டு உறைந்து பயில மாணவர் இல்லமும் அங்கு அமைந்தது. உணவும் இருப்பிடமும் வேண்டி எப்பிள்ளையும் தன் சமயத்தை விலையாகக் கொடுத்தலாகாது என்பதே அவ்வில்லத்தின் உட்பொருளென நாம் கருதுகின்றோம்.

அவர் கற்பித்த மூன்று

அடிகளார் பணியில் சமயம், தத்துவம், ஒழுக்கம் என்னும் மூன்றும் மூன்று வழியால் மாணாக்கரை அடைந்தன.

சமயம் வாழ்க்கை முறையால் வந்தது. இராமகிருஷ்ண சங்கத்து மாணவர் இல்லங்களில் காலையும் மாலையும் வழிபாடு நிகழும். பண்ணோடு பாடுதலும் அமைதியாக இருத்தலும் இல்லத்து வேலைகளைப் பகிர்ந்து செய்தலும் நாள்தோறும் நடைபெறும். மனனஞ் செய்த விடை தேர்வு முடிந்ததும் மறந்துபோகலாம். பத்தாண்டு நாள்தோறும் பாடிய பதிகம் முதுமையிலும் நாவில் நிற்கும்.

தத்துவம் அறிவாராய்ச்சியால் வந்தது. பௌதிகமும் இரசாயனமும் கற்பித்த ஆசிரியர் வேதாந்தமும் சித்தாந்தமும் பேசியபோது, வினவுதற்கு அஞ்சற்க என்னும் துணிவு மாணாக்கர்க்கு இயல்பாகவே உண்டாயிற்று. விஞ்ஞானம் பயின்றால் நாத்திகம் வருமென அஞ்சியோரும், சமயம் பயின்றால் மூடநம்பிக்கை வளருமென இகழ்ந்தோரும் அவரைக் கண்டு வாயடங்கினர். விவேகானந்தருடைய கருமயோகம், ஞானயோகம் என்பவற்றைத் தமிழாக்கி, ஆங்கிலமறியாதார்க்கும் அவ்வாராய்ச்சியை எட்டச் செய்தார். தமிழிலேயே விஞ்ஞானம் கற்பித்தற்பொருட்டுக் கலைச்சொல்லாக்கப் பணியில் தமிழகத்து அறிஞரோடு முன்னின்று உழைத்ததும் இந்நோக்கினாலேயே. தாய்மொழியில் சிந்திக்க இயலாதவன் தத்துவத்தைக் கடன் வாங்கவே வல்லவன். தானாக ஆராய்தல் அவனுக்கு அரிது.

ஒழுக்கம் தொண்டினால் வந்தது. இதுவே மூன்றனுள்ளும் கடினமானது. எல்லா உயிரினுள்ளும் இறைவன் உறைகின்றான் என்று வகுப்பறையில் ஓதுவது எளிது. ஆயின், அதே வகுப்பில் ஒரு பிள்ளை வாங்கிலும் மற்றொரு பிள்ளை நிலத்திலும் இருக்குமாயின் அப்பாடம் பொய்யாகிவிடும். 1929இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டுமென்னும் ஆணை பிறந்தபோது, யாழ்ப்பாணத்தில் கடும் எதிர்ப்பு மூண்டு, சில பாடசாலைகள் தீக்கிரையாகவும் கண்டோம். சமயம் கற்பித்த ஊர்களிலேயே இது நிகழ்ந்தது என்பதை நாம் மறைத்தலாகாது. அடிகளாரோ, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராய்ச் சென்றபோது, அருகேயுள்ள திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பை நாடி, அங்குள்ள பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். பகலிற் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் விரித்துரைத்த பேராசிரியர், பின்னர்ச் சேரியில் அரிச்சுவடி சொல்லித்தந்தார். ஒழுக்கவியலுக்கு இதனினும் தெளிந்த பாடநூல் வேறில்லை.

பிற்கால வாழ்வு

பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்தில் தங்கிப் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராயிருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். ஏறக்குறைய பதினான்கு ஆண்டு ஆராய்ச்சியின் பயனாகிய யாழ்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரால் வெளியிடப்பெற்று, 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. வழக்கொழிந்த பழந்தமிழ் யாழ்களின் அமைப்பையும் சுருதிக் கணக்கையும் கணித முறையால் நிறுவும் அந்நூலில், விஞ்ஞான ஆசிரியரும் தமிழ்ப் பண்டிதரும் துறவியும் ஒருவராகவே நிற்கக் காண்கின்றோம். அவ்வரங்கேற்றம் நிகழ்ந்து ஆறு வாரங்கள் சென்ற பின், அவ்வாண்டு ஜூலை 19ஆம் நாள் கொழும்பில் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அவர்தம் திருமேனி கல்லடி உப்போடைக்குக் கொணரப்பெற்றுச் சிவானந்த வித்தியாலய வளாகத்திலே அடக்கஞ் செய்யப்பட்டது.

நமக்கு எஞ்சிய கடன்

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. இராமகிருஷ்ண சங்கத்துப் பள்ளிகளும் அவ்வாறே கைமாறின. இன்று இலங்கைப் பாடசாலைகளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைத் தனக்குரிய பாடமாகக் கற்கின்றது. சைவப் பிள்ளைகள் க.பொ.த. சாதாரண தரத்தில் சைவநெறி என்னும் பாடத்துக்குத் தோற்றுகின்றனர். உயர்தரத்தில் இந்து நாகரிகத்தைத் தேர்ந்து பயில்வோரும் உளர். நாவலரும் இந்து போர்டும் வேண்டி நின்றது இந்நாளிற் சட்டமாகவே கைகூடியுள்ளது.

ஆயினும் வென்ற இடத்திலே புதிய இடர் ஒன்று காத்திருக்கின்றது. அன்று சமயப் பாடம் மிஷன் பாடசாலையில் சம்பளமின்றிக் கல்வி பெறும் விலையாயிருந்தது. இன்று அது புள்ளி பெறும் கருவியாகச் சுருங்கிவிடக் கூடும். நாயன்மார் வரலாற்றை ஐந்து குறிப்புகளாக மனனஞ் செய்து சிறப்புச் சித்தி பெறும் மாணவன், அவ்வரலாற்றுத் திருநாளைப்போவார் எதற்காகக் கோயில் வாயிலில் நின்றார் என்று ஒருகணம் வருந்தாதிருப்பானாயின், அப்புள்ளியால் யாது பயன்? இவ்வினா மாணவனை நோக்கியதன்று; ஆசிரியராகவும் பெற்றோராகவும் அதிகாரிகளாகவும் இன்று வீற்றிருக்கும் பழைய மாணவராகிய நம்மை நோக்கியதே.

அடிகளார் வரலாறு இதற்குக் காட்டும் வழி அரிதன்று. வழிபாட்டைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆசிரியரும் செய்தல் வேண்டும். பிள்ளைகள் ஐயம் வினவுங்கால் அதட்டாது ஆராய்ந்து விடை கூறல் வேண்டும். கற்பித்த அறத்தை ஊரிலே ஒரு தொண்டாகச் செய்து காட்டல் வேண்டும். அயலிலுள்ள முஸ்லிம் பிள்ளைக்கும் கிறித்தவப் பிள்ளைக்கும் அவரவர் சமயத்தின்பால் உள்ள உரிமையை மதித்தலும் அவ்வறத்தின் பகுதியே. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் மட்டக்களப்பு நாட்டில் இது நாள்தோறும் தேர்வுக்கு வரும் பாடமாகும். பிற சமயத்தார் பள்ளியிற் பயின்றும் பகை கொள்ளாத மயில்வாகனனாரின் உள்ளம் இதற்கு என்றும் சான்றாக நிற்கும்.

இறைவன் விரும்பும் மலர் உள்ளமே எனும் கருத்தமைய அடிகளார் இயற்றிய செய்யுள் அவர்தம் சமாதியிலே பொறிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு வகுப்பறையிலும் அம்மலர்கள் நாற்பது அரும்பி நிற்கின்றன. அவற்றை மலர்விப்பதே சமயபாட ஆசிரியரின் பணி. அப்பணியை ஏற்று நடத்துவோர்க்குத் துணைநிற்பதாக இவ்விழா ஆண்டில் உறுதி கொள்வோமாக.