அங்காதிபாதம் தந்த அமெரிக்க மருத்துவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

மனிதன் இரண்டு கால்களால் நடக்கிறான் என்று சிறு குழந்தையும் சொல்லும். ஆனால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் அவன் ஒற்றைக் காலில்தான் நிற்கிறான் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நானும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆய்வுக்கூடச் சுவரில் தொங்கும் இடுப்புத் தசைகளின் படத்தின்முன் நின்ற அன்றுதான் அதை அறிந்தேன்.

குளுட்டியஸ் மாக்சிமஸ், குளுட்டியஸ் மீடியஸ், குளுட்டியஸ் மினிமஸ், பைரிபார்மிஸ் என்று மந்திரம்போல் உருப்போட்டேன். தேர்வில் எழுதினேன், மதிப்பெண்ணும் பெற்றேன். அந்த மகிழ்ச்சியோடு கல்லங்குறிச்சிக்குப் பேருந்து ஏறினேன். மாலையில் தையல் வேலை முடிந்து வந்த என் தந்தை, இப்போது என்ன பாடம் நடக்கிறது என்று கேட்டார். இடுப்புத் தசைகள் என்றேன். அப்படியானால் தம்முடைய சப்பையில் என்னதான் கோளாறு என்று சொல்லும்படி கேட்டார். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டு, வலப்பக்க இடுப்பும் காலும் தளர்ந்துபோனவர் அவர். வலக்காலை ஊன்றும்போதெல்லாம் உடலை அந்தப் பக்கமே சாய்த்து நடப்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் வாயிலிருந்து இலத்தீன் பெயர்கள் வந்தனவேயன்றி, அவருக்கு விளங்கும்படி ஒரு வாக்கியம் வரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது.

மறுநாள், இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல முடியாது என்று தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்து முடித்தவர் ஒருவர் இருக்கிறார், அவரும் தமிழர் அல்லர் என்று கூறி, ஒரு பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார். சாமுவேல் பிஸ்க் கிரீன் என்பதே அப்பெயர்.

கிரீன் 1822ஆம் ஆண்டு, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் நகரில் பிறந்தார். இவருடைய தமையனார் ஆண்ட்ரு ஹாஸ்வெல் கிரீன், நியூயார்க் நகரத்து மத்தியப் பூங்கா உருவாக உழைத்தவர்களுள் ஒருவர். அந்நகரின் வரலாற்றில் பெரும் பெயர் பெற்றவர். தம்பியும் அங்கேயே இருந்திருந்தால் செல்வாக்கோடு வாழ்ந்திருக்கலாம். அவரோ நியூயார்க்கில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்று, அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. நம்மைவிட ஐந்தாறு வயதே மூத்தவர்!

மானிப்பாய் என்னும் ஊரில் அவர் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். 1848இலேயே மாணவர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கவும் முற்பட்டார். முதலில் ஆங்கிலத்திலேயே பாடம் நடந்தது. ஆங்கிலத்தில் கற்றுத் தேறியவர்களோ அரசாங்க வேலையை நாடிச் சென்றார்கள். கிராமத்து நோயாளி மருத்துவரின்றி இருந்த இடத்திலேயே இருந்தான். இதனைக் கண்ட கிரீன், ஊராருக்கு வைத்தியம் செய்ய வேண்டியவன் ஊரார் மொழியிலேயே கற்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். தாமும் தமிழை ஊன்றிக் கற்றார். உடற்கூறு, உடலியக்கம், நலவாழ்வு ஆகியவை பற்றிய கட்டர் என்பாரின் நூல் 1850களில் அவரால் தமிழாயிற்று. பிள்ளைப்பேறு மருத்துவம் பற்றிய நூல் 1857இல் வெளிவந்தது.

இடையில் தாயகம் சென்ற அவர், திருமணம் செய்துகொண்டு 1862இல் மீண்டும் யாழ்ப்பாணம் திரும்பினார். 1864 முதல் மருத்துவப் பாடம் முழுவதையும் தமிழிலேயே நடத்தத் தொடங்கினார். அறுவை மருத்துவம் பற்றிய இரணவைத்தியம் 1867இல் வந்தது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தைக் கொள்ளைநோயான வாந்திபேதி வாட்டியபோது, நோயாளிகளுக்கு மருத்துவம் செய்வதிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை.

அவருடைய பணிகளில் என்னை மிகவும் வியக்கவைத்தது 1872இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம். ஹென்றி கிரே 1858இல் எழுதி, உலகெங்கும் மருத்துவ மாணவர் கைகளில் இன்றுவரை தவழும் உடற்கூற்று நூலின் தமிழாக்கம் அது. (அம்மூல நூலுக்குப் படம் வரைந்த கார்ட்டர், பின்னர் பம்பாய்க்கு வந்து மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர் என்பது நமக்கு மற்றொரு செய்தி.)

அத்தமிழாக்கம் எத்தகைய வேலை என்பதை இடுப்புப் பகுதி ஒன்றைக்கொண்டே உணரலாம். கிரே தம் நூலில் பிட்டப் பகுதிக்கு மட்டும் ஒன்பது தசைகளைக் கூறுகிறார். அவற்றுள் பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்று பிட்டத் தசைகள். பெரியது, உட்கார்ந்தவன் எழும்போதும், படி ஏறும்போதும், ஓடும்போதும் தொடையைப் பின்னோக்கி இழுத்து உடலை நிமிர்த்துவது. நடுத்தசையும் சிறுதசையும் ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு சாயாமல் பிடித்து வைப்பவை. இவற்றுக்குக் கீழேயும் உள்ளேயும் கிடக்கும் ஆறு சிறு தசைகளும் தொடையை வெளிப்புறம் திருப்ப உதவுபவை. அவற்றில் பைரிபார்மிஸ் என்றால் பேரிக்காய் வடிவுடையது என்று பொருள். பேரிக்காயைக் கண்டிராத பனங்காட்டு நாட்டு மாணவனுக்கு அதை எப்படிச் சொல்வது? ஜெமெல்லஸ் என்றால் இரட்டையர்; குவாட்ரேட்டஸ் என்றால் நாற்கோணம். ஒன்பது தசைக்கே இவ்வளவு சிந்தனை வேண்டுமென்றால், உடல் முழுதும் உள்ள எலும்புக்கும் தசைக்கும் நரம்புக்கும் குருதிக்குழாய்க்கும் எவ்வளவு வேண்டும்!

இதற்குக் கிரீன் ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் ஏற்ற சொல் உண்டா என்று பார்ப்பது. இல்லையேல் வடமொழியை நாடுவது. அதுவும் உதவாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி ஆள்வது. வேதியியலைக் கெமிஸ்தம் என்று அவர் வழங்கியது இந்த மூன்றாவது வழியாலேயே. தாம் பயிற்றுவித்த மாணாக்கர்களையே மொழிபெயர்ப்பில் துணையாகக் கொண்டார். அவரிடம் பயின்று மருத்துவரானவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்கள் நடையுடை பாவனையில் ஐரோப்பியராக மாறிவிடாமல் தமிழராகவே வாழ வேண்டும் என்பது அவர் விருப்பம்.

உடல்நலம் குன்றியதால் 1873இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட நேர்ந்தது. வேறொருவராயின் அத்தோடு பணி முடிந்தது என்று அமைந்திருப்பார். கிரீனோ உஸ்டர் நகரில் தம் இல்லத்தில் இருந்தபடியே தமிழ் எழுதினார்! கெமிஸ்தம் 1875இலும், உடலியக்கம் பற்றிய மனுஷ சுகரணம் 1883இலும், மருந்துப் பொருள்களைப் பற்றிய இந்து பதார்த்த சாரம் 1884இலும் வெளிவந்தன. அவ்வாண்டு மே மாதத்திலேயே அவர் இயற்கை எய்தினார். தம் கல்லறையில், தாம் தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்பதைப் பொறிக்க வேண்டும் என்றே அவர் கேட்டிருந்தார். மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கிரீன் அறியாத செய்தி ஒன்றும் உண்டு. அவர் மறைந்து பதினோர் ஆண்டுகள் கழித்து, 1895இல், டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர், ஒருவர் சாய்ந்து சாய்ந்து நடப்பதற்குப் பிட்டத்தின் நடுத்தசையும் சிறுதசையும் வலுவிழப்பதே காரணமாகலாம் என்று விளக்கினார். அதைப் படித்ததும் என் தந்தையின் நடை கண்முன் வந்தது. கிரீனின் முறையையே நானும் கையாள்வது என்று துணிந்தேன். ஒரு நாள் முழுவதும் சொற்களைத் தேடி எழுதிப் பார்த்து, அன்று மாலை அவர் அருகில் அமர்ந்தேன்.

எலும்பில் குறையில்லை என்று தொடங்கினேன். சப்பையின் பக்கவாட்டில் விசிறிபோல் விரிந்த ஒரு நடுத்தசை இருக்கிறது. வலக்காலை ஊன்றி இடக்காலைத் தூக்கும்போது, இடப்பக்க இடுப்பு கீழே தொங்கிவிடாதபடி வலப்பக்கத் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். இளம்பிள்ளை வாதக் கிருமி தண்டுவடத்தில் அத்தசையை ஏவும் நரம்பணுக்களை அழித்துவிட்டது. ஏவுவார் இல்லாத தசை மெலிந்துபோயிற்று. அதனால்தான் வலக்காலை ஊன்றும்போதெல்லாம் விழாமலிருக்க உடல் தானே அந்தப் பக்கம் சாய்ந்து எடையைச் சரிசெய்கிறது. அது கெட்ட பழக்கமன்று. உடல் கண்டுபிடித்த உபாயம். இவ்வளவும் சொல்லி முடித்தபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. சிறுவயது முதல் நேராக நட, நேராக நட என்று எல்லோரும் தம்மைக் கடிந்ததைப் பிறகு மெல்லச் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னேன். கைத்தடியை அவர் எப்போதும் வலக்கையில்தான் பிடிப்பார். தளர்ந்த இடுப்புக்கு எதிர்க்கையில் பிடித்தால்தான் தடி அந்தத் தசையின் வேலையில் ஒரு பங்கை ஏற்கும். இதை முன்பே மருத்துவர் எவரேனும் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்ன சொல் அவருக்கு எட்டாமல் போயிருக்கலாம். மறுநாள் காலை அவர் தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். முதலில் தடுமாறினார். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. முன்னைப்போல் அவ்வளவு சாய்வதில்லை; கடைக்குப் போய்ச் சேரும்போது களைப்பும் குறைவு என்கிறார்.

நண்பர்களே! இந்தியாவில் இயற்கையாகப் பரவும் இளம்பிள்ளை வாதக் கிருமியால் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011இல். 2014இல் நம் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்றது. சொட்டு மருந்து அந்த வெற்றியைத் தந்தது. ஆனால் அதற்குமுன் நோயுற்றவர்கள் நம் தெருக்களில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தம் உடலைப் பற்றி அறிய உரிமையில்லையா? எங்கோ பிறந்த ஒருவர் கடல் கடந்து வந்து நம் மொழியில் நமக்கு எலும்பையும் தசையையும் கற்பித்தார். நம் மொழியிலேயே பிறந்த நாம், படித்ததை வீட்டுத் திண்ணையில் சொல்லத் தயங்கலாமா? அடுத்த முறை செய்முறைப் பதிவேட்டை ஒப்படைக்கும் முன்பு, அதில் ஒரு பாடத்தையாவது உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு விளங்கினால், நமக்கும் விளங்கியது என்று கொள்ளலாம்.