தடயம் தேடிய பேராசிரியர் ரைஸ்

சென்ற ஆண்டு உப்புப் பகுப்பாய்வு செய்முறையின்போது வெள்ளி நைட்ரேட் கரைசலை விரலில் சிந்திக்கொண்டேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பார்த்தால் விரல் நுனி கறுத்துக் கிடந்தது. சோப்புக்கும் போகவில்லை, புளிக்கும் போகவில்லை. அம்மா பயந்துவிட்டார்கள். வெள்ளி உப்பின் மேல் ஒளி பட்டால் கறுக்கும் என்று விளக்கினேன். அதே வெள்ளி உப்பைக் கண்ணாடித் தகட்டில் பூசித்தான் அந்நாளில் நிழற்படம் எடுத்தார்கள், அந்த நிழற்படத்தைக் கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் கலையை ஒரு பல்கலைக்கழகமே பாடமாக வைத்தது என்றும் சொன்னேன். பேச்சோடு பேச்சாக, பட்டம் பெற்றபின் தடய அறிவியல் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர எனக்கு ஆசை என்பதையும் சொல்லிவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அம்மா சற்று யோசித்துவிட்டு, அது போலீஸ் வேலையா, வாத்தியார் வேலையா என்று கேட்டார்கள். எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் ரைஸ் என்பவரின் வரலாற்றைப் படித்தபோது, அதே கேள்வி அவர் வாழ்க்கை நெடுகிலும் குறுக்கிடுவதைக் கண்டேன்.

ஆர்ச்சிபால்ட் ரைஸ் 1875ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள், ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள பாடன் பகுதியில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் எட்டாவது பிள்ளை. அறிஞர் வரலாறு என்றால் வறுமையில் பிறந்தார், தெருவிளக்கில் படித்தார் என்று தொடங்குவது மலர்களில் வழக்கம். ரைசுக்கு அப்படி எழுத முடியாது. நிலபுலன் உள்ள குடும்பம்; படிப்பதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அண்டை நாடான சுவிட்சர்லாந்துக்குச் சென்று, லோசான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றார். 22ஆம் வயதில் டாக்டர் பட்டம் பெற்றார். நம்மில் பலர் அந்த வயதில் எம்.எஸ்சி. விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்போம்! 1901இல் சுவிஸ் குடியுரிமையும் பெற்றுவிட்டார்.

அவரைப் பிடித்து இழுத்தது நிழற்படக் கலை. அக்காலத்தில் அது வேதியியலின் ஒரு கிளை போலவே இருந்தது. சாதாரணத் தகட்டில் உள்ள வெள்ளி புரோமைடு, நீல ஒளியையும் ஊதா ஒளியையும் மட்டுமே நன்கு உணரும். மஞ்சள் நிறம் அதற்குக் கறுப்பாகப் படும். ஆகவே மோசடிக்காரன் ஒரு பத்திரத்தில் பழைய எழுத்தை அழித்துவிட்டுப் புது எழுத்து எழுதியிருந்தால், கண்ணுக்குப் புலப்படாமல் எஞ்சி நிற்கும் இளமஞ்சள் மைத்தடத்தைத் தகடு கறுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடக்கூடும். கண் ஏமாறும் இடத்தில் தகடு ஏமாறாது. இந்த உண்மையின் பயனை ரைஸ் நன்றாக உணர்ந்திருந்தார். நீதித்துறைக்கு நிழற்படம் எவ்வாறு உதவும் என்பது பற்றி 1903இல் ஒரு நூலே எழுதினார். பாரிஸ் சென்று, அந்நகரக் காவல் துறையில் புகழ் பெற்றிருந்த பெர்த்தியோனின் முறைகளையும் கற்றார்.

இந்தப் பெர்த்தியோனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். உடலின் உறுப்புகளை அளந்து குற்றவாளிகளை அடையாளம் காணும் முறையை வகுத்தவர் அவர். ஆனால் 1894இல் பிரெஞ்சு இராணுவ அதிகாரி டிரைஃபஸ் மீது தேசத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்டபோது, தமக்குப் பயிற்சி இல்லாத கையெழுத்து ஆய்வில் இறங்கினார். கையொப்பமில்லாத ஒரு கடிதம் டிரைஃபஸ் எழுதியதே என்று சாதித்தார். எழுத்து ஒத்துப்போகாத இடங்களில், டிரைஃபஸ் தம் கையெழுத்தைத் தாமே போலி செய்துகொண்டார் என்று வாதிட்டார். ஒத்தாலும் குற்றவாளி, ஒவ்வாவிட்டாலும் குற்றவாளி! டிரைஃபஸ் தென்னமெரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள டெவில்ஸ் தீவில் ஆண்டுக்கணக்கில் வாடினார். 1904இல் கணித மேதை புவான்கரே உள்ளிட்ட மூன்று கல்வியாளர்கள் பெர்த்தியோனின் கணக்குகளைச் சோதித்து, அவற்றில் பொருள் இல்லை என்று அறிக்கை தந்தார்கள். 1906இல் டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று உச்சநீதிமன்றம் அறிவித்தது.

காவல் துறைக்குள் அமர்ந்திருந்த வல்லுநர் தவறு செய்தார். அந்தத் தவறைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் வெளியிலிருந்து வந்த பேராசிரியர்கள். ரைஸ் இதை மனத்தில் கொண்டுதான் தம் கூடத்தை அமைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. பெர்த்தியோனிடம் கற்றவர் அவர். ஆயினும் ஒரு வேதியியல் மாணவன் ரைசின் பணியை எடைபோடுவதற்கு இந்த வழக்கைவிடப் பொருத்தமான படிக்கல் வேறு கிடையாது.

1906இல் ரைஸ் பேராசிரியர் ஆனார். 1909இல் லோசான் பல்கலைக்கழகத்திலேயே அறிவியல் முறைக் காவல் பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். பல்கலைக்கழகப் பட்டயம் வழங்கிய இத்தகைய பள்ளி உலகில் இதுவே முதலாவது. மறு ஆண்டு பிரான்சின் லியோன் நகரில் எட்மண்ட் லோக்கார் தம் புகழ்பெற்ற கூடத்தைத் தொடங்கினார். அது காவல் துறை ஒதுக்கிய இரண்டு சிறு அறைகளில், நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. லோக்கார் பெரிய அறிஞர்; அவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. இருப்பினும் இடம் யாருடையது என்பதில் ஒரு வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது.

லோசானில் நடந்த கூட்டு ஏற்பாடு இதுதான். அந்த வட்டாரத்து நீதிமன்றங்கள் உண்மையான வழக்குகளின் சான்றுப் பொருள்களைப் பேராசிரியரிடம் அனுப்பும். அவர் ஆராய்ந்து அறிக்கை தருவார். மாணவர்கள் அந்த வேலையிலிருந்தே பாடம் கற்பார்கள். சம்பவ இடத்தில் எதையும் நகர்த்துமுன் முழு அறையையும் படமெடுக்க வேண்டும். பிறகு நெருங்கி வந்து ஒவ்வொரு தடத்தையும் எடுக்க வேண்டும். விரல் ரேகை, காலடித் தடம், பூட்டை நெம்பிய கருவியின் கீறல், கள்ள நோட்டு என்று எதுவும் விட்டுப்போகாது. 1911இல் திருட்டும் கொலையும் பற்றிய ஒரு பெரிய கையேட்டை வெளியிட்டார். நான்கு பாகங்களாக எழுதத் திட்டமிட்டதில் வெளிவந்தது முதல் பாகம் மட்டுமே. ரஷ்யா தன் அதிகாரிகளை அவரிடம் படிக்க அனுப்பியது. 1913இல் பிரேசில் நாட்டு சாவோ பாலோ நகரம் அவரையே வரவழைத்துக் கற்பிக்கச் செய்தது.

மற்ற பாகங்கள் வராமல் போனதற்குப் போரும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன். 1914 ஆகஸ்டில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை செர்பியாவுக்குள் புகுந்து, ஊர் மக்களைக் கொன்று குவித்தது. செர்பிய அரசு ரைசை அழைத்தது. அவர் போனார். லோசானில் கற்பித்ததை அப்படியே அங்கும் செய்தார். எரிந்த வீடுகளையும் புதைகுழிகளையும் படமெடுத்தார். உயிர் தப்பியவர்களை மட்டுமன்றிச் சிறைப்பட்ட எதிரி வீரர்களையும் விசாரித்தார். உடலுக்குள் வெடிக்கும் தோட்டாக்களைச் சான்றாகச் சேகரித்தார். மாண்டவர்களை அட்டவணையாகக் கணக்கிட்டார். 1915இல் அறிக்கை வெளிவந்தது. ஒரு போரின் கொடுமைகளைத் தடய அறிவியல் முறையில் பதிவு செய்த முன்னோடி முயற்சி அது.

அதன்பின் அவர் வீடு திரும்பி வகுப்பறைக்குள் அடங்கவில்லை. செர்பியப் படையோடு போர்முனையில் வாழ்ந்தார். 1918இல் அதனோடு பெல்கிரேடு நகருக்குள் நுழைந்தார். 1919இல் பேராசிரியர் பதவியைத் துறந்தார். அந்த ஆண்டுப் பாரிஸ் சமாதான மாநாட்டில் செர்பியத் தூதுக்குழுவில் இடம் பெற்றார்.

இந்த இடத்தில்தான் என் மனம் இரண்டுபடுகிறது. கண்ணெதிரே பிணங்கள் கிடக்கும்போது நடுநிலை பேசிக்கொண்டு நிற்க மனிதனால் முடியாது. அவர் செய்தது அறம் என்றே நெஞ்சு சொல்கிறது. ஆனால் ஒரு பக்கத்தின் சீருடையை அணிந்தவரின் அறிக்கையை மறுபக்கம் நம்ப மறுத்தால் என்ன செய்வது? அறிக்கையில் உள்ள படங்களும் எண்களும் மாறிவிடவில்லை. அவற்றைச் சொன்னவர் நின்ற இடம் மாறிவிட்டது. பல்கலைக்கழக மேசைக்குப் பின்னால் நின்று அவர் சொல்லியிருந்தால் வேறு எடை இருந்திருக்கும் என்று ஒரு சமயம் நினைக்கிறேன். அங்கேயே நின்றிருந்தால் அந்தப் புதைகுழிகளை யார் பார்த்திருப்பார்கள் என்று மறு சமயம் நினைக்கிறேன்.

எஞ்சிய நாள்களை அவர் பெல்கிரேடிலேயே கழித்தார். அந்நாட்டுக் காவல் துறையைப் புது முறையில் பயிற்றுவிக்கப் பாடுபட்டார். ஆட்சியாளர்களின் ஊழலைக் கண்டு கசப்படைந்து, செர்பிய மக்களுக்கு எச்சரிக்கையாக 1928இல் ஒரு நூல் எழுதி வைத்தார். அது அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. 1929 ஆகஸ்டு 8ஆம் நாள், பக்கத்து வீட்டுக்காரரான முன்னாள் அமைச்சர் ஒருவரோடு வாய்ச்சண்டை முற்ற, அப்படியே சாய்ந்து உயிர்விட்டார். அவர் விருப்பப்படி உடலிலிருந்து இதயத்தை எடுத்து, செர்பியப் படை 1916இல் போரிட்டு வென்ற கைமக்சலான் மலைச் சிகரத்தில் வைத்தார்கள். உடல் பெல்கிரேடில் அடக்கமாயிற்று. செர்பியாவில் அவர் பெயரில் தெருக்கள் உண்டு. அங்கே அவரைப் போர்க்கால நண்பராகத்தான் பலருக்கும் தெரியும்.

லோசானில் அவருடைய மாணவர் மார்க் பிஷோஃப் கழகத்தை ஏற்று, 1963 வரை நடத்தினார். அது இன்றும் அதே பல்கலைக்கழகத்தில் குற்றவியல் அறிவியல் பள்ளியாக இயங்குகிறது. நீதிமன்றங்களுக்கு ஆய்வறிக்கை தருகிறது, டாக்டர் பட்டம் வரை பயிற்றுவிக்கிறது. நூற்றாண்டு நிறைந்த 2009இல், ரைஸ் எடுத்த படங்களை அந்நகர அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். நிறுவியவர் விட்டுப் போன பிறகும் நிறுவனம் நின்றது.

என் விரல் கறை இரண்டு வாரத்தில் தோலோடு உரிந்து போயிற்று. அம்மாவிடம் ரைசின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த மனுஷன் வாத்தியாராகவே இருந்திருக்கலாமே என்றார்கள். சற்றுப் பொறுத்து, ஆனால் போகாமலும் இருந்திருக்க முடியாது என்றார்கள்.