சேர். பொன். இராமநாதனும் வாக்குரிமையும்

பெரியோர் சரிதம் எழுதப் புகுவோர் பெரும்பாலும் இருவகைப் பிழைகளுக்கு ஆளாவர். புகழவேண்டும் என்னும் ஆசையினால் குறைகளை மறைத்துவிடுதல் ஒன்று; ஒரு குறை கண்டவுடன் அவர் செய்த நன்மையெல்லாவற்றையும் மறந்துவிடுதல் மற்றொன்று. சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்களைப் பற்றி நம் சங்கத்து மலர்களில் முன்னரும் பலர் எழுதியிருக்கக்கூடும். அவர் கட்டிய கோயிலும், நிறுவிய கல்லூரிகளும், சொற்பொழிவுத் திறனும் யாவரும் அறிந்தவை. வாக்குரிமை என்னும் ஒரு பொருளை முன்வைத்து அவர் வாழ்வை நோக்கினால், நாம் அறியவேண்டியது இன்னும் உண்டு என்பது புலனாகும். அவ்வாறு நோக்குவதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

இராமநாதன் 1851 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆந் தேதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாயைப் பெற்ற பாட்டனாராகிய ஆ. குமாரசுவாமி முதலியார் சட்டநிரூபண சபையிலே தமிழருக்காக அமர்ந்தவர். தாய்மாமனாராகிய சேர். முத்துக்குமாரசுவாமியும் அவ்வாறே அமர்ந்தவர். தமையனார் குமாரசுவாமியும் தம்பியார் அருணாசலமும் பிற்காலத்தில் நாடறிந்த பெரியோராயினர். கொழும்பிலும் சென்னை இராசதானிக் கல்லூரியிலும் கல்வி பயின்று, சேர். றிச்சட் மோகன் என்பாரிடம் சட்டம் கற்று, இளவயதிலேயே பெயர்பெற்ற அத்துவக்காத்து ஆனார் இராமநாதன்.

1879 ஆம் ஆண்டில் முத்துக்குமாரசுவாமி காலமாக, அவரிருந்த இடத்திற்கு இருபத்தெட்டு வயதினரான மருமகனையே தேசாதிபதி நியமித்தார். அக்காலத்தில் வாக்கு என்பதே இல்லை. தமிழருக்கு ஒருவர், சிங்களவருக்கு ஒருவர், பறங்கியருக்கு ஒருவர் எனத் தேசாதிபதி தெரிந்தெடுத்தவர்களே அங்கத்தவர். யாருடைய வாக்கும் இல்லாமலே சபைக்குச் சென்ற இராமநாதன், எல்லாருக்காகவும் பேசினார். 1885 இல் வெசாக் பூரணை பொது விடுமுறை ஆயிற்று. அதற்காகப் பௌத்தர்களோடு நின்று பாடுபட்டவர்களில் முதன்மையானவர் சைவராகிய அவரே. 1892 வரை அங்கத்தவராயிருந்து, பின்னர் சொலிசிற்றர் ஜெனரல் பதவியேற்று, 1906 வரையில் அரசாங்க சேவை செய்தார்.

இக்காலத்தில் தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு யோகமும் சித்தாந்தமும் பயின்றார். பரானந்தர் என்னும் பெயரால் மத்தேயு, யோவான் என்னும் சுவிசேஷங்களுக்கு அவர் ஆங்கிலத்தில் உரை வரைந்தார். மிஷன் பாடசாலையின் வேதபாட வகுப்பிலே அச்சுவிசேஷங்களைப் படித்த என்போன்றோருக்கு, ஒரு சைவர் அவற்றை அன்போடு விளக்கினார் என்பது வியப்பும் மகிழ்ச்சியும் தருவதாகும். பிற சமயத்தை மதித்தலும் தன் சமயத்தில் உறுதியாய் நிற்றலும் ஒருவரிடத்திலேயே பொருந்தும் என்பதற்கு அவரே சான்று. தந்தையார் நிறுவிய கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லினாலே புதுக்கிய கையும் அவ்வுரைகளை எழுதிய கையும் ஒன்றே.

இனி வாக்குரிமையின் வரலாற்றுக்கு வருவோம். 1910 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தினால் சட்டநிரூபண சபை 21 பேர் கொண்டதாயிற்று. அவர்களுள் உத்தியோகப்பற்றற்றவர் 10 பேர்; அப்பத்திலும் வாக்கினால் தெரிவு செய்யப்படுவோர் நால்வரே. இருவர் ஐரோப்பியர், ஒருவர் பறங்கியர், எஞ்சிய ஒருவர் படித்த இலங்கையரின் பிரதிநிதி. இலட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்த நாட்டிலே இத்தொகுதியில் வாக்குப் பெற்றவர் மூவாயிரம் பேர் கூட இல்லை. ஆங்கிலக் கல்வி பெற்ற ஆண்களே அவர்கள்.

1911 டிசம்பரில் நடந்த அத்தேர்தலிலே இராமநாதனும், புகழ்பெற்ற வைத்தியராகிய மாக்கஸ் பெர்னாண்டோவும் போட்டியிட்டனர். இராமநாதனுக்கு 1,645 வாக்குகளும் பெர்னாண்டோவுக்கு 981 வாக்குகளும் கிடைத்தன. படித்த சிங்களவர் நிறைந்த தொகுதியிலே தமிழர் ஒருவர் வென்றார் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். இன பேதம் கடந்த வெற்றி என்பது உண்மையே. ஆனால் அவ்வெற்றியின் உள்ளே இன்னொரு பேதம் இருந்தது. பெர்னாண்டோ கராவ சாதியினர். அவர் போன்ற புதுச்செல்வர்கள் தமக்குச் சரிநிகராக எழுவதை விரும்பாத கொவிகம சாதியார் பலர், தமிழருள் உயர்ந்த குலத்தவராகிய இராமநாதனுக்கே வாக்களித்தனர் என வரலாற்றாசிரியர் கூறுவர். நாட்டிலே மிகப் படித்தவர்கள் என்று பொறுக்கியெடுக்கப்பட்ட மூவாயிரம் பேர். அவர்களுள்ளும் பலர் சாதி பார்த்தே வாக்களித்தனர்! இதனை வாசகர்கள் மனத்திலே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது நமக்கு உதவும்.

1913 இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், 1921 இல் திருநெல்வேலியிலே பரமேசுவராக் கல்லூரியையும் தம் பொருளைக் கொண்டு நிறுவினார். அப்பரமேசுவராக் கல்லூரி வளவிலேயே 1974 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. 1915 இல் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் மூண்டபோது, இராணுவச் சட்டத்தின் கீழே சிங்களத் தலைவர்கள் சிறைப்பட்டனர். சிலர் உயிரும் இழந்தனர். இராமநாதன் சபையிலே அஞ்சாது எழுந்து அரசாங்கத்தின் கொடுமையைக் கண்டித்தார். யுத்தகாலக் கடலைக் கடந்து இலண்டனுக்குச் சென்று முறையிட்டார். மீண்டு வந்தபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பெருமக்களே அவர் வண்டியை இழுத்துச் சென்றனர். அதே வேளையில், அக்கலவரத்தில் கடையும் வீடும் இழந்த முஸ்லிம் மக்களின் மனம் அவர் பேச்சினால் நொந்தது என்பதையும் நாம் மறைத்தலாகாது. 1917 இலும் அதே தொகுதியில் வென்றார். 1921 இல் சேர் பட்டம் பெற்றார். 1924 இல் வடமாகாணத்தின் வடபகுதியிலிருந்து தெரிவு செய்யப்பட்டார்.

அந்த 1924 ஆம் ஆண்டிலும் நாட்டில் வாக்குரிமை பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரே. பெண்ணொருத்திக்கேனும் வாக்கில்லை. இந்நிலையில் 1927 நவம்பரில் டொனமூர் பிரபுவின் தலைமையில் ஆணைக்குழு வந்தது. சர்வசன வாக்குரிமை வேண்டுமென்று அக்குழுவின் முன் கேட்டவர்கள் மிகச் சிலர். அவர்களில் தலையாயவர் தொழிலாளர் தலைவராகிய ஏ. ஈ. குணசிங்க. பெண்களுக்கு வாக்கு வேண்டுமென்று மகளிர் சங்கமொன்றும் கேட்டது. தேசிய காங்கிரசின் பெருந்தலைவர்களும் எல்லாருக்கும் வாக்கு என்பதைக் கேட்கவில்லை. கேளாத வரத்தைக் கொடுத்ததுபோல, 21 வயது வந்த ஆண்களுக்கும் 30 வயது வந்த பெண்களுக்கும் வாக்களிக்குமாறு 1928 இல் ஆணைக்குழு விதந்துரைத்தது. பின்னர் இருபாலாருக்கும் 21 வயதே விதியாயிற்று.

இராமநாதன் இதனைக் கடுமையாக எதிர்த்தார். கல்வியும் பொருளும் இல்லாதார் கையில் வாக்கைக் கொடுத்தால் கூட்டத்தின் ஆட்சியே விளையும் என்று கருதினார். தாழ்த்தப்பட்ட சாதியாருக்கும் பெண்களுக்கும் வாக்களித்தல் இந்து வாழ்க்கை முறைக்கு ஒவ்வாது என்பதும் அவர் எண்ணம். இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்தால் எண்ணிக்கையிற் குறைந்த தமிழர் நிலை என்னாகும் என்பது அவருடைய மற்றோர் அச்சம். 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபை 19 வாக்குகளுக்கு 17 ஆக அத்திட்டத்தை ஏற்றது. இராமநாதன் எதிர்த்து நின்றார். எழுபத்தொன்பது வயதில் மீண்டும் இலண்டனுக்குச் சென்று குடியேற்றநாட்டு மந்திரியிடம் விண்ணப்பித்தார். அது பலிக்கவில்லை. 1930 நவம்பர் 26 ஆந் தேதி இவ்வுலக வாழ்வை நீத்தார். ஏழு மாதங்களுக்குள், 1931 ஜூன் மாதத்தில், அவர் அஞ்சிய அத்தேர்தல் நடந்தேவிட்டது. யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளில் மட்டும் அப்போது தேர்தல் நடைபெறவில்லை. முழுச் சுயராச்சியம் தராத அரசியற்றிட்டம் வேண்டாமென்று வாலிப காங்கிரசார் பகிஷ்கரித்ததே அதற்குக் காரணம், வாக்குரிமை வேண்டாமென்பதன்று.

அவருடைய அச்சங்களுள் எவை மெய்த்தன, எவை பொய்த்தன?

படியாதவர் வாக்கினால் நாடு கெடும் என்பது பொய்த்தது. எழுத்தறியாதவரும் வாக்களிக்கும்பொருட்டு, வேட்பாளருக்கு ஒவ்வொரு நிறமாகப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அப்பெட்டியிலே சீட்டிட்ட கமக்காரனும் கூலியாளும் கேட்டது பாடசாலையும் வைத்தியசாலையுமே. அவர்கள் வாக்கை நாடிய மந்திரிமார் அவற்றைக் கொடாதிருக்க இயலவில்லை. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. கல்வி முதலில், வாக்குப் பின்னர் என்றார் இராமநாதன். உண்மையிலோ வாக்கு முதலில் வந்து, கல்வியைக் கைபிடித்து அழைத்து வந்தது. பெண்கள் கல்லூரி கண்ட பெரியார் பெண்களுக்கு வாக்கு வேண்டாமென்றார். 1932 இலேயே திருமதி நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலே வென்று அரசாங்க சபைக்குச் சென்றார்.

சிறுபான்மையோரைப் பற்றிய அச்சமோ முற்றிலும் பொய்க்கவில்லை. 1947 இல் மலையகத் தோட்டத் தொழிலாளர் தம் வாக்கினால் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். 1948 இல் குடியுரிமைச் சட்டமும் 1949 இல் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுட் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. நாடற்றோராய் எஞ்சியவர்க்கு நியாயம் கிடைக்க 2003 வரை செல்லவேண்டியிருந்தது. வாக்கின் பலத்தால் வந்த பெரும்பான்மையே பிறர் வாக்கைப் பறிக்கவும் கூடும் என்பதை அது காட்டிற்று. ஆயினும் அந்நோய்க்கு மருந்து ஏழையின் வாக்கைக் குறைப்பதன்று. வாக்கிழந்தவர்கள் நம் நாட்டின் மிக ஏழைகளே என்பதை எண்ணிப் பார்க்க.

மேலே மனத்தில் வைக்கச் சொன்ன 1911 ஆம் ஆண்டுத் தேர்தலை இப்போது நினைவுகூர்வோம். வாக்காளன் மனத்தைச் சாதியும் குலமும் ஆட்டிவைப்பது கல்லாமையினால் மட்டும் நிகழ்வதன்று. ஆங்கிலம் கற்ற மூவாயிரவரும் அதற்கு விலக்கல்லர். இராமநாதன் பாமரரிடத்தில் அஞ்சிய அதே குணம், அவரை வெற்றிபெறச் செய்த பண்டிதரிடத்திலும் இருந்தது. ஆகவே வாக்குரிமைக்குத் தகுதி பட்டத்தினாலோ பொருளினாலோ அளக்கப்படத் தக்கதன்று. எல்லா உயிரிலும் சிவம் உறைகின்றது என்பது நம் சமயம். அவ்வுண்மையை மேல்நாட்டு மேடைகளிலும் எடுத்துரைத்த இராமநாதன், வாக்குப் பெட்டியின் முன்னே அதனைக் காணாது போனார். அவர் பிறந்த காலமும் குலமும் அவர் கண்ணை மறைத்தன என்போம்.

இந்து இளைஞர்காள்! நம்மிற் பலர் இவ்வாண்டிலோ அடுத்த தேர்தலிலோ முதன்முறையாக வாக்களிக்கப் போகிறோம். அப்போது வேட்பாளர் எவ்வூரார், எச்சாதியார், யாருக்கு உறவு என்று நம் வீட்டுத் திண்ணையிலே பேச்செழும். அந்தப் பேச்சிலே நாமும் தலையாட்டினால், பல்கலைக்கழகம் சென்றும் 1911 இல் நின்ற இடத்திலேயே நிற்போராவோம். இராமநாதன் அவர்களின் அஞ்சாமையையும், ஈகையையும், பிற சமயத்தாருக்காகப் பரிந்து பேசிய பெருந்தன்மையையும் நாம் பின்பற்றுவோமாக. அவர் காணத் தவறியதை நாம் கண்டு நடத்தலே அவருக்குச் செய்யும் மெய்யான அஞ்சலியாகும்.